முன்னாடி வண்டி விலகுன அப்புறம்: கல்வர் சிட்டி பொம்பா லோரி விபத்தும் நம்ம ஹைவேயும்

2018 ஜனவரி 22, திங்கக்கிழமை காலை ஏறக்குறைய 8:40. அமெரிக்காவுல கலிஃபோர்னியா, கல்வர் சிட்டி பக்கம் ஐ-405 ஹைவே. அதுக்கு முன்னாடி நடந்த வேற ஒரு விபத்துக்காக வந்த பொம்பா லோரி, அதான் தீயணைப்பு வண்டி, ஒன்னு கார்பூல் லேன்ல (பல பேரு சேந்து போற கார்களுக்கான லேன்) குறுக்கா சாய்ச்சு நிறுத்தியிருக்கு, லைட்டெல்லாம் மின்னிக்கிட்டு இருக்கு. அங்க இடது பக்கம்தான் ஃபாஸ்ட் லேன், அதாவது நமக்கு வலது ஓரம் மாதிரி. 2014 மாடல் டெஸ்லா மாடல் எஸ் ஒன்னு, ஆட்டோபைலட் (வேகத்தையும் ஸ்டியரிங்கையும் காரே பாத்துக்கற சிஸ்டம், ஆனா டிரைவரும் கவனிக்கணும்) போட்டு வந்துக்கிட்டு இருந்தது, மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துல நேரா போய் அந்த லோரி பின்னாடி சொருகிடுச்சு. லோரிக்குள்ள அந்த நேரம் யாரும் இல்ல, கார் ஓட்டுனவருக்கும் காயம் கிடையாது.

யாருக்கும் ஒன்னும் ஆகலயே, இத ஏன் இவ்ளோ பெருசா எழுதணும்னு கேப்பீங்க. ஒன்னும் ஆகலங்கறதாலதான் இது நல்ல கேஸ். செத்தவங்க இருந்தா பேச்சு பூரா கோவத்துலயும் அழுகைலயும் போயிடும், யார உள்ள தள்ளணும்னு முடியும். இங்க அமெரிக்காவோட போக்குவரத்து பாதுகாப்பு போர்டு, என்டிஎஸ்பின்னு சொல்வாங்க, காரோட கம்ப்யூட்டர்ல பதிவான டேட்டாவ எடுத்து செகண்ட் செகண்டா பிரிச்சு 2019 செப்டம்பர்ல ரிப்போர்ட்டு போட்டாங்க. நான் கேஎல்ல ஒரு ட்ரான்ஸ்போர்ட் கம்பெனில சேஃப்டி பாக்கறேன், டெப்போ செகாம்புட்ல. காலைல டிரைவருங்களுக்கு ஏதாவது ஒரு கேஸ் எடுத்துப் பேசணும்னா நான் அடிக்கடி எடுக்கறது இதத்தான். கேட்டவங்களுக்கு ஒரு தடவைல புரிஞ்சிடும், யாரையும் திட்ட வேண்டி வராது.

சரி, என்ன நடந்துச்சு. க்ரூஸ் வேகம் மணிக்கு 80 மைல்னு செட் பண்ணியிருந்தார், நம்ம கணக்குல 129 கிலோமீட்டர். முன்னாடி வண்டிக்கும் தனக்கும் எவ்ளோ இடைவெளி விடணும்ங்கற செட்டிங்க 1ல வச்சிருந்தார், அதுதான் இருக்கறதுலயே கம்மி. காலை நேர ஜாம், அதனால நிஜமா போன வேகம் கம்மிதான், முன்னாடி போன வண்டி பின்னாலயே மணிக்கு 34 கிலோமீட்டர் மாதிரி ஊர்ந்துக்கிட்டு போயிருக்கு. இடிக்கறதுக்கு 3லருந்து 4 செகண்ட் முன்னாடி அந்த வண்டி பக்கத்து லேனுக்கு விலகிடுச்சு, ஏன்னா அந்த டிரைவருக்கு லோரி தெரிஞ்சிடுச்சு. இப்ப டெஸ்லாவுக்கு முன்னாடி "வண்டி" இல்ல. ரோடு காலி, செட் பண்ண வேகம் 129, அப்ப என்ன பண்ணும்? மிதிச்சிருக்கு. 34லருந்து 50க்கு ஏறியிருக்கு, லோரிய நோக்கி.

மோதப் போறோம்ங்கற எச்சரிக்கை சத்தம் வந்தது இடிக்க 0.49 செகண்ட் இருக்கறப்ப. 50 வேகத்துல அர செகண்ட்னா ஏழு மீட்டருக்கும் கம்மி, ஒன்றரை கார் நீளம்கூட தேறாது. தானா பிரேக் போடற சிஸ்டம் வேலையே செய்யல. டிரைவரும் பிரேக் போடல, ஸ்டியரிங்கும் திருப்பல.

இந்த எடத்துல எங்க டெப்போ பசங்க எப்பவும் ஒரே கேள்விதான் கேப்பானுங்க. ஒருநாள் புதுசா சேந்த பையன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருந்த டோவிங் அண்ணன் கிட்ட கேட்டான், "அண்ணே, பொம்பா லோரி அவ்ளோ பெருசு, செவப்பு கலர், லைட்டு வேற போட்டிருக்கான், அது எப்படிண்ணே தெரியாம போவும்?" அவர் எங்களோட சேர்றதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் தோ டிரக், அதான் கெட்டுப் போன வண்டிய இழுத்துக்கிட்டுப் போற லோரி, ஓட்டுனவர், செந்தூல்காரர், அதிகம் பேச மாட்டார். தே தாரேக்க ஒரு வாய் குடிச்சிட்டு சொன்னார், "லைட்டு தெரியும் தம்பி. லோரி ஓடுதா நிக்குதாங்கறதுதான் தெரியாது."

நான் அர மணி நேரம் சிலைடு போட்டு சொல்றத இவர் ஒரு வரில முடிச்சிட்டார். விஷயம் அதேதான். தூரத்துல இருக்கற ஒரு வண்டி நம்ம கண்ணுல ஒரு அளவா தெரியுது, கிட்ட வர வர பெருசாகுது, அந்த பெருசாகற வேகத்த வச்சுத்தான் மூளை "இது நிக்குது, நாம கிட்டப் போறோம்"னு கண்டுபுடிக்குது. இரநூறு மீட்டருக்கு அப்பால இருக்கறப்ப அந்த வித்தியாசம் ரொம்ப சின்னது, கண்ணுக்கு சிக்காது. நாம ஹைவேல பாக்கற வண்டில முக்காவாசி ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதனால மூளையும் ஓடுதுன்னே எடுத்துக்கும். மின்னற லைட்டு "இங்க ஏதோ இருக்கு"ன்னு சொல்லும், "நின்னுக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லாது. ரோந்து வண்டியும் ஆம்புலன்ஸும் ஓடறப்பவும் அதே லைட்டத்தானே போடுது.

மெஷினுக்கும் கிட்டத்தட்ட இதே வியாதிதான், காரணம் மட்டும் வேற. அந்தக் காலத்து ஏசிசி, அதான் தானா இடைவெளி பாத்து ஓடற க்ரூஸ், பெரும்பாலும் ராடார நம்பித்தான் ஓடுச்சு. ராடார் ஓடற பொருள நல்லா புடிக்கும், வேகத்தையும் கரெக்டா சொல்லும். ஆனா ரோட்டுல நிக்கற பொருள் எவ்ளோ இருக்குன்னு பாருங்க: சைன் போர்டு, கார்ட்ரெயில், மேம்பாலம், வடிகால் மூடி, எம்ஆர்டி தூண். ராடாருக்கு உயரம் சரியா பிரிச்சுப் பாக்கத் தெரியாது, தலைக்கு மேல இருக்கற போர்டும் லேன்ல நிக்கற லோரியும் அதுக்கு ஏறக்குறைய ஒன்னுதான். ஒவ்வொன்னுக்கும் பிரேக் போட்டா மிடில் ரிங் ரோட்ல ஒவ்வொரு மேம்பாலத்துக்கு கீழயும் கார் திடீர்னு நிக்கும், பின்னாடி வர்றவன் வந்து ஏத்துவான். அதனால நிக்கற பொருளோட சிக்னல பெரும்பாலும் கண்டுக்காம விடற மாதிரி டிசைன் பண்ணாங்க. இது ரகசியம் ஒன்னும் இல்ல, அந்த வகை சிஸ்டம் வச்ச பல கார் கையேட்லயும் "நின்னுக்கிட்டு இருக்கற வண்டிய கண்டுபுடிக்காம போகலாம்"னு எழுதியிருக்கும். கையேட்ட யாரு படிக்கறா, க்ளோவ் பாக்ஸ்ல டிஷ்யூ பேப்பருக்கு அடில கெடக்கும்.

முன்னாடி வண்டி கடைசி நேரத்துல விலகி அதுக்கு முன்னாடி நிக்கற வண்டி திடீர்னு தெரியற இந்த நிலைமைக்கு டெஸ்ட் பண்றவங்க 'கட்-அவுட்'னு பேர் வச்சிருக்காங்க. காருங்க பாதுகாப்ப சோதிக்கற ஐரோப்பிய அமைப்பு யூரோ என்கேப் இத தனியாவே ஓட்டிப் பாக்குது. மனுஷனுக்கும் ரொம்ப கஷ்டமான சோதனை இதுதான், ஏன்னா முன்னாடி போறது லோரியோ எம்பிவியோவா இருந்தா அதுக்கு அப்பால என்ன இருக்குன்னே தெரியாது.

ஆனா கல்வர் சிட்டில ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 34 வேகம், விலகுனப்ப கைல 3 செகண்ட், லோரிக்கு தூரம் சுமாரா 40 மீட்டர் இருந்திருக்கும். ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கற ஒரு சராசரி ஆளு, ஒன்றரை செகண்ட் யோசிக்க எடுத்துக்கிட்டாலும், 34 வேகத்துலருந்து 20 மீட்டருக்குள்ள நிறுத்திடுவான். பாதி தூரம் மிச்சம். அப்ப அந்த ஆளு என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தார்? கைல பேகலும் காப்பியும் வச்சிருந்ததா ரிப்போர்ட் சொல்லுது. பேகல்னா நடுல ஓட்ட போட்ட ரொட்டி, நம்மூர்ல ரோட்டி சானாய் பொட்டலத்த மடில வச்சுக்கிட்டு ஓட்டறானுங்களே அதே கேஸ்தான். ஆட்டோபைலட் போட்டு தொடர்ச்சியா ஏறக்குறைய 14 நிமிஷம் ஓடியிருக்கு, அதுல ஸ்டியரிங்ல கை இருந்ததா சிஸ்டம் கண்டுபுடிச்சது மொத்தமா 51 செகண்ட். 14 நிமிஷத்துல 51 செகண்டுக்கு கை வச்சாலும் போதும்னு கார் விட்டுடுச்சு பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது.

என்டிஎஸ்பியும் ரெண்டு பக்கமும் பங்கு போட்டுச்சு. டிரைவர் கவனிக்கல, சிஸ்டத்த அளவுக்கு மீறி நம்பிட்டார், சொல்லிக் குடுத்த மாதிரி பயன்படுத்தல, அது ஒரு பக்கம். டிரைவர் ஓட்டற வேலைலருந்து விலகிப் போக எடம் குடுத்த ஆட்டோபைலட் டிசைன் இன்னொரு பக்கம். நம்ம ஆளுங்க இந்த மாதிரி விஷயத்துல ஒன்னு "டெஸ்லா வேஸ்ட்"ம்பாங்க, இல்லன்னா "அவன் சோம்பேறி"ம்பாங்க. ரெண்டும் அர உண்மை.

பொம்பா லோரி நின்ன விதத்தப் பத்தியும் கொஞ்சம் பேசணும், ஏன்னா நிறைய பேரு "லேன்ல குறுக்கா நிறுத்துனது அவங்க தப்புதானே"ன்னு கேக்கறாங்க. தப்பே இல்ல. பெரிய வண்டிய வேணும்னே சாய்ச்சு லேன அடைச்சு நிறுத்தி, அதுக்கு அந்தப் பக்கம் ஆளுங்க வேலை செய்யறது பல நாட்டுல சொல்லிக் குடுக்கற முறை. யாராவது வந்து இடிச்சா மனுஷன இடிக்காம இரும்ப இடிக்கட்டும்னுதான். கல்வர் சிட்டில அந்த லோரி அத ஒழுங்கா செஞ்சிடுச்சு. 2023 பிப்ரவரில கலிஃபோர்னியாவுலயே வால்நட் க்ரீக்ல இதே மாதிரி விபத்து இடத்த மறைச்சு நின்ன ஏணி லோரி மேல இன்னொரு டெஸ்லா மோதி அந்த டிரைவர் செத்துட்டார், லோரிக்குள்ள இருந்த நாலு பொம்பா ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்தாங்க. லோரிக்கு பதிலா அவங்க கோன் வச்சுக்கிட்டு நடந்துக்கிட்டு இருந்திருந்தா கதை என்னன்னு நீங்களே யோசிங்க. அதுக்கு முன்னாடி 2019 டிசம்பர்ல இந்தியானால நின்ன பொம்பா லோரில மோதி கார்ல வந்த ஒரு பயணி எறந்துட்டாங்க.

இப்படி ஒன்னு ரெண்டுன்னு சேந்து, அமெரிக்க சாலை பாதுகாப்பு துறை நிட்சா 2021 ஆகஸ்ட்ல விசாரணை ஆரம்பிச்சப்ப கணக்குல 11 விபத்து, 2022 ஜூன்ல விசாரணைய பெருசாக்குனப்ப 16. அதுல வந்த ரெண்டு தகவல் எனக்கு ரொம்ப முக்கியம். வீடியோ கெடச்ச கேஸ்கள்ல இடிக்கறதுக்கு சராசரியா 8 செகண்ட் முன்னாடியே டிரைவருக்கு அந்த எடம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றாங்க. ஆட்டோபைலட் "நீயே பாத்துக்கோ"ன்னு கை விட்டது சராசரியா கடைசி 1 செகண்டுக்குள்ள. அதாவது ஏறக்குறைய 7 செகண்ட் யாருமே ரோட்ட கவனிச்சு ஓட்டல. 110ல போனா 8 செகண்ட்ங்கறது 240 மீட்டருக்கு மேல. காஞ்ச ரோட்டுல சாதாரண கார் 110லருந்து நிக்க, யோசிக்கற நேரத்தையும் சேத்து, சுமாரா 110 மீட்டர் போதும். எடம் தாராளமா இருந்துச்சு. 2023 டிசம்பர்ல டெஸ்லா 20 லட்சம் காருக்கு சாஃப்ட்வேர் மாத்துச்சு, 2024 ஏப்ரல்ல நிட்சா அந்த விசாரணைய மூடுன கையோட, அந்த மாத்தம் போதுமான்னு பாக்க புதுசா ஒன்ன தொறந்துச்சு.

மெஷின மட்டும் குத்தம் சொல்லிட்டு போயிடக் கூடாதுன்னு இன்னொரு கேஸும் சொல்லிடறேன். 2020 ஏப்ரல் 22, மெல்பர்ன், ஈஸ்டர்ன் ஃப்ரீவே. அளவுக்கு மீறி வேகமா போன ஒரு போர்ஷே கார நிறுத்தி எமர்ஜென்சி லேன்ல நின்னுக்கிட்டு இருந்த நாலு போலீஸ்காரங்க மேல லோரி ஏறி நாலு பேரும் அங்கயே செத்துட்டாங்க. லோரி டிரைவர் சரியா தூங்கல, போதை வேற. மொதல்ல 22 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு வந்து, அப்பீல்ல 18 வருஷம் 6 மாசமா கொறஞ்சுது. கவனிக்க வேண்டியது என்னன்னா விக்டோரியா மாநிலத்துல 2017 ஜூலைலருந்தே லைட்டு போட்டு நிக்கற அவசர வண்டிய கடக்கறப்ப 40க்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அமெரிக்காவுல இந்த 'தள்ளிப் போ' சட்டத்த 1996ல சவுத் கரோலினா ஆரம்பிச்சு வச்சு, 2012க்குள்ள 50 மாநிலத்துலயும் வந்திடுச்சு. சட்டம் முழிச்சிருக்கறவன் வேகத்த கொறைக்கும், தூங்கறவன் காதுல ஏறாது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. டெஸ்லா 2023 ஜூலைல மலேசியாவுக்கு வந்துச்சு, ஆனா எனக்கு கவலை டெஸ்லா இல்ல. ஏசிசி இப்ப பெரோடுவா அத்திவாலயும் இருக்கு, மைவி ஏவிலயும் இருக்கு, ப்ரோட்டான்லயும் இருக்கு. மைவி ஓட்டறவன் கைல ஏசிசின்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, இருந்தாலும் நெலமை அதான், பாலேக் கம்போங், அதான் பண்டிகைக்கு ஊருக்குப் போற நேரத்துல பிளஸ் ஹைவேல பாதி பேரு ஸ்விட்ச்ச போட்டுட்டு கால நீட்டி உக்காந்திருக்கான். இந்த சிஸ்டம்லாம் அந்த 2014 டெஸ்லாவ விட புதுசு, சில விஷயத்துல நல்லாவே வேலை செய்யும், ஆனா கட்-அவுட்ல எந்த சிஸ்டத்தையும் உயிர் வச்சு நம்பாதீங்க. அதுலயும் சாயங்காலம் அஞ்சு மணி மழைல கேமரா கண்ணாடி மேல தண்ணி ஓடறப்ப சுத்தமா வேணாம்.

நம்ம எமர்ஜென்சி லேன் எப்படி இருக்குன்னு தெரியும்தானே. டயர் மாத்தற லோரி, மழைக்கு மேம்பாலத்துக்கு அடில ஒதுங்கற மோட்டாருங்க, வேல எடுக்க போட்டி போட்டு வர தோ டிரக்குங்க, ஜாம்ல பொறுமை இல்லாம அதுல ஏறி ஓடற காருங்க, இத்தன பேருக்கு நடுல உண்மையான ஆம்புலன்ஸ். தைப்பூச ராத்திரில பத்துமலை பக்கம் மிடில் ரிங் ரோட்ல பாத்தீங்கன்னா ஓரத்துல நடக்கற கூட்டம் வேற.

டோவிங் அண்ணன் கோன் வைக்கறத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். வண்டிலருந்து எறங்குனதும் மொதல்ல கார்ட்ரெயில் பக்கம்தான் போவார், லேன் பக்கம் எறங்கவே மாட்டார். கோன நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, வர்ற வண்டிங்கள பாத்த மாதிரியே பின்னோக்கி நடப்பார், ஒரு தடவகூட முதுக காட்ட மாட்டார். வச்ச கோன் பெரிய லோரி காத்துல சாய்ஞ்சா உடனே ஓடிப் போய் எடுக்க மாட்டார், வண்டி வரத்து கொறையற வரைக்கும் நிப்பார். ஏண்ணே அதான் விழுந்து கெடக்கே எடுக்கலாம்லன்னு கேட்டா, "கோன் இருபது வெள்ளிடா"ம்பார். கடையில வெல இப்ப ஏறியிருக்கும், அது வேற விஷயம்.

உங்க வண்டி ஹைவேல கெட்டுப் போச்சுன்னா இத மட்டும் பண்ணுங்க. எவ்ளோ இடது பக்கம் ஒதுக்க முடியுமோ ஒதுக்குங்க, முடிஞ்சா ஆர்அண்டாருக்கோ (ஹைவே ஓய்வு எடம்) அடுத்த எக்ஸிட்டுக்கோ உருட்டிக்கிட்டாவது போயிடுங்க. ஹஸார்ட் லைட்டு போட்டுட்டு எல்லாரும் இடது கதவு வழியா எறங்கி கார்ட்ரெயிலுக்கு அந்தப் பக்கம் போய், வண்டிக்கு நேரா நிக்காம வண்டிங்க வர்ற திசைல கொஞ்ச தூரம் பின்னால தள்ளி நில்லுங்க. ஏன்னா இடிச்சா உங்க காரு முன்னாடிதான் தூக்கி எறியப்படும். காரோட டிக்கிக்கு பின்னாடி நின்னு ஃபோன் பேசறது, ரெண்டு வண்டிக்கு நடுல நின்னு ஜம்பர் மாட்டறது, புள்ளைங்கள ஏர்கான் போட்டு உள்ளயே உக்கார வைக்கறது, இது மூனும் வேணவே வேணாம். பிளஸ் ஹைவேன்னா 1800-88-0000, அடிபட்டவங்க இருந்தா 999. யாருக்கோ உதவி பண்ண நிறுத்தறவங்களுக்கும் இதேதான், நல்ல மனசுக்கு ரோட்டுல எக்ஸ்ட்ரா பாதுகாப்பு எதுவும் கெடைக்காது.

ஓட்டறவங்களுக்கு எங்க டெப்போல நான் சொல்றது, முன்னாடி வண்டியோட பின்னாடி லைட்ட பாக்காதீங்க, அதோட கண்ணாடி வழியா அதுக்கு முன்னாடி இருக்கறத பாருங்க. லோரியா இருந்து பாக்க முடியலன்னா இன்னும் தள்ளி வாங்க. முன்னாடி வண்டி காரணமே இல்லாம படக்குன்னு லேன் மாறுச்சுன்னா மொதல்ல கால எடுங்க, காரணம் என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம். நம்ம ஆளுங்க இந்த நேரத்துல செய்யறது நேர் எதிரு, "ஆஹா எடம் கெடச்சுது"ன்னு மிதிப்பானுங்க, அந்த டெஸ்லா பண்ண அதே வேலை. ஏசிசி உள்ள வேன்ல இடைவெளி செட்டிங்க எப்பவும் அதிகமானதுல வைக்கணும். அப்படி வச்சா எவனாவது நடுல பூந்துக்கிட்டே இருப்பான், லேட்டாகும்னு பசங்க மொணகறாங்க. பூந்தா பூரட்டும், பத்து பேரு பூந்தாலும் கேஎல்லருந்து ஈப்போ போறதுக்குள்ள சில நிமிஷம்தான் போகும்.

எங்க கம்பெனில இதுனால நடந்த ஒரே சண்டை பிரேக்டவுன் வேனுக்கு என்ன வாங்கறதுங்கறதுதான். பாஸ் பெரிய பீக்கன் லைட்டு பாத்து வச்சிருந்தார், கூரை பூரா வர்ற மாதிரி, பளிச்சுனு. ராத்திரி மழைல அந்த லைட்டு ஈர ரோட்டுல பட்டு தெறிச்சா வர்றவனுக்கு கண்ணு கூசும், பக்கத்துல நிக்கற ஆளு கறுப்பா மறைஞ்சிடுவான், அந்தக் காசுக்கு பின்பக்கம் பூரா பட்டை பட்டையா ரிஃப்ளெக்டர் ஒட்டி நல்ல கனமான கோன் வாங்கலாம்னு நான் சொன்னேன். பட்டையும் கோனும் வந்திடுச்சு, லைட்டுக்கும் ஆர்டர் போட்டுட்டார். அதுல ராத்திரிக்கு வெளிச்சத்த கொறைக்கற பட்டன் இருக்கான்னு சப்ளையர் கிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.